கடைசியாகக் கை வைத்தது யார்?



மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதுமே, கவிதை எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் முந்திக்கொண்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மோட்டார், ஒரு போர்டு, அதோடு நான் பட்ட பாடு. கூடவே நான் செய்த ஒரு தப்பு. அந்தத் தப்பு எங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த வருடம் புராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளும் தெரிந்துகொள்ளட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. என் ஊர் ஆலங்குளம். "எந்த ஆலங்குளம்? தென்காசிப் பக்கமா?" என்று முதல் நாள் வகுப்பிலேயே கேட்டார்கள். இல்லை! இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970இல் அரசு சிமென்ட் ஆலை வந்த ஊர். ஆனால் அந்த ஆலையில் எங்கள் வீட்டில் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறார். காலையில் ஆலை வேன் வந்து ஹாரன் அடித்தால், வாயில் போட்ட இட்லியை முழுங்குவதற்குள் ஏறிவிட வேண்டும். அப்பா சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் ஹெல்பர். எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். ஆகவே நான் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால்கூட வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள். இந்தக் கதையே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் எந்திரம்

நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த புராஜெக்ட், காகிதத்தை அளந்து தள்ளி வெட்டும் ஒரு சிறு எந்திரம். ஏன் காகிதம்? நம்ம ஊர்ப் பக்கம் காகிதம் இல்லாத தொழில் ஏது? 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். திரும்பி வந்து சிவகாசியில் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும் என்று அதன் பின்னாலேயே அச்சகங்கள் வந்தன. இன்றைக்குக் காலண்டர், டைரி, நோட்டு என்று எல்லாம் அங்கே அச்சாகிறது. சின்ன யூனிட்டுகளில் இன்னும் ஸ்கேல் வைத்து அளந்துதான் சுருள் காகிதத்தை வெட்டுகிறார்கள். அதற்குக் குறைந்த செலவில் ஒரு எந்திரம் செய்வோம் என்று நினைத்தோம்.

இரண்டு ரப்பர் உருளைகள். நடுவே காகிதம். ஒரு உருளையை ஸ்டெப்பர் மோட்டார் பெல்ட் போட்டுச் சுற்றும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி. உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் 100 மில்லிமீட்டர் காகிதம் வெளியே வரும்படி செய்தோம். அப்படியானால் ஒரு ஸ்டெப்புக்கு அரை மில்லிமீட்டர். கணக்கு எவ்வளவு அழகு!

ஆனால் காகிதச் சுருள் கணக்குப் படிக்கவில்லையே! நூறு துண்டு வெட்டினால் தொண்ணூறு சரியாக இருக்கும். மீதி பத்து கட்டையாக இருக்கும். உருளையில் காகிதம் வழுக்குகிறது என்று நாங்கள் முடிவுகட்டினோம். எங்கள் சார் ஸ்கேலை எடுத்து அந்தப் பத்தையும் அளக்கச் சொன்னார். ஒன்று 2 மில்லிமீட்டர் குறைவு, இன்னொன்று 4 மில்லிமீட்டர், மற்றொன்று மறுபடி 2.

"வழுக்கினா கண்டபடி குறையும். இது ஏன் ரெண்டு ரெண்டாக் குறையுது?" என்று கேட்டார்.

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார். ஸ்டெப்பர் மோட்டாரின் சுருள்களில் மின்னோட்டம் மாறும் வரிசை நாலு ஸ்டெப்புக்கு ஒரு முறை திரும்பி வருகிறது. பாரம் அதிகமாகி மோட்டார் பிடி தவறினால் அது நாலு நாலாகத்தான் ஸ்டெப்பை விடும். நாலு ஸ்டெப் என்றால் எங்கள் எந்திரத்தில் 2 மில்லிமீட்டர்! குற்றவாளி ரப்பர் அல்ல, மோட்டார்தான். சுருள் இறுக்கமாக இருக்கும் இடத்தில் மோட்டார் நாலு ஸ்டெப்பைத் தவறவிட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மேலே ஓடுகிறது. சொன்னதைச் செய்தோமா இல்லையா என்று அதற்கே தெரியாது. ஓப்பன் லூப் என்று பாடத்தில் படித்தது இதுதான்.

ஆகவே குளோஸ்டு லூப் போர்டு வாங்குவது என்று முடிவானது. இது ஒன்றும் புதிய எண்ணம் அல்ல. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினுக்கு கவர்னர் பொருத்தியதே இந்த வேலைக்குத்தான். வேகத்தைத் தானே பார்த்துத் தானே திருத்திக்கொள்வது. ஸ்டெப்பர் மோட்டாருக்கு அப்படி ஒரு போர்டை எப்படிச் செய்வது என்று 2016இல் மெக்காடுயினோ என்ற பெயரில் ஒரு வடிவமைப்பு யாரும் பார்க்கும்படி திறந்து வெளியிடப்பட்டது. நம்மைப் போன்றவர்கள் அதன் புரோகிராமைக்கூடப் படித்துப் பார்க்கலாம்.

நாலு பேரும் பங்கு போட்டோம். என் பங்கு ஆயிரத்து ஐநூறு. தீபாவளி முடிந்து மூடிய ஆலைகள் அப்போதுதான் மறுபடி திறந்திருந்தன. வீட்டில் காசு புழங்காத நேரம். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார். "படிப்புக்குத்தானய்யா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவ்வளவுதான்.

போர்டு எப்படி வேலை செய்கிறது?

போர்டு மோட்டாரின் முதுகில் நாலு ஸ்க்ரூ போட்டு உட்கார்ந்துகொள்ளும். மோட்டார் தண்டின் பின்முனையில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வட்டக் காந்தம் ஒன்றை ஒட்ட வேண்டும். அதற்கு நேர் எதிரே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி, போர்டில் ஒரு சிப் இருக்கும். அதுதான் என்கோடர். காந்தம் சுற்றினால் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும். 1879இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த ஹால் விளைவுதான் அதற்கு அடிப்படை. எங்களுடையது 14 பிட். அதாவது ஒரு சுற்றை 16,384 பங்காகப் பிரித்துப் பார்க்கும். ஒரு ஸ்டெப்புக்கு ஏறக்குறைய 82 எண்ணிக்கை.

அப்படியானால் கலிபரேஷன் எதற்கு? காந்தத்தை நாம் கையால் ஒட்டுகிறோம். நட்ட நடுவில் அச்சாக உட்காராது. சிப்பும் இம்மி விலகியிருக்கும். அதனால் சிப் சொல்லும் கோணத்தில் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். ஆனால் மோட்டாரின் 200 ஸ்டெப்பும் எங்கே இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஆகவே போர்டு முதலில் மோட்டாரை ஒவ்வொரு ஸ்டெப்பாக நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் சிப் என்ன சொல்கிறது என்று குறித்து ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்நேரமும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் தன் நிலையை அறியும். அட்டவணை தப்பானால் எல்லாமே தப்பு.

போர்டு வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கே காந்தத்தை ஒட்டினோம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு கலிபரேஷன் பட்டனை அழுத்தினோம். மோட்டார் டக் டக்கென்று மெல்லச் சுற்றி நின்றது. திரையில் 'சரி' என்று வந்தது. தண்டைக் கையால் திருகிப் பார்த்தால், விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. நாலு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து லேபிலிருந்து ஆள் வந்துவிட்டது!

அந்தச் சந்தோஷத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பெல் அடித்துவிட்டது. வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எங்கள் கூட்டாளி, சப்ளையை நிறுத்தாமலே மோட்டார் வயரைப் பிடுங்கிவிட்டான். அப்படிச் செய்யவே கூடாது. சுருளில் மின்னோட்டம் இருக்கும்போது வயரைப் பிடுங்கினால் எழும் மின்னழுத்தத்தில் டிரைவர் சிப் போய்விடலாம். சார் நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை மறுபடி கலிபரேஷன் போட்டபோது ஆகவில்லை.

மோட்டார் சுற்றியது, நின்றது, திரையில் 'பிழை' என்று வந்தது. மறுபடி அழுத்தினோம். மறுபடி பிழை. அன்று மாலை ஆறு மணி வரைக்கும் எத்தனை தடவை அழுத்தினோம் என்று கணக்கில்லை. சார் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். அந்த வரிசையை இங்கே தருகிறேன், உங்களுக்கு உதவும்.

முதலில் சப்ளை. ஸ்டெப் மாறும்போது மின்னழுத்தம் விழுந்துவிடக் கூடாது. சின்ன அடாப்டரை எடுத்துவிட்டு லேபின் பெரிய பவர் சப்ளையைப் போட்டோம். மாற்றம் இல்லை.

இரண்டாவது மோட்டார் வயர். நாலு வயரில் எது எதற்கு ஜோடி என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இல்லையா? இரண்டு வயரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டைக் கையால் திருகுங்கள். கடினமாக இருந்தால் அவை ஒரே சுருளின் இரண்டு முனைகள். இலேசாகச் சுற்றினால் ஜோடி தப்பு. எங்களுடையது சரியாகவே இருந்தது.

மூன்றாவது பாரம். கலிபரேஷன் நேரத்தில் தண்டில் எந்தச் சுமையும் இருக்கக் கூடாது. இருந்தால் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் தண்டு கொஞ்சம் பின்தங்கி நிற்கும், அட்டவணையே கோணலாகிவிடும். பெல்ட் கழற்றித்தான் இருந்தது.

நான்காவது மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம். குறைவாக வைத்தால் தண்டு தன் ஸ்டெப்பில் உறுதியாக நிற்காது. கூட்டிப் பார்த்தோம். மோட்டார் சுட்டதுதான் மிச்சம்.

ஐந்தாவது காந்தம். "காந்தம் இருக்குல்ல?" என்றார் சார். "இருக்கு சார்" என்றேன்.

ஆம், இருந்தது. ஆனால் எந்தக் காந்தம்?

தண்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் திரையில் எண் 0 முதல் 16,383 வரை ஓடி வர வேண்டும். எங்களுடையதில் ஏதோ ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே முன்னும் பின்னும் அலைந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும், "சிப் போச்சு" என்றே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, எல்லோர் முன்னாலும், "போன வியாழக்கிழமை இவன்தான் சார் சப்ளை ஆனில் இருக்கும்போதே வயரைப் புடுங்கினான். அதுலதான் போர்டு போச்சு" என்று சாரிடம் சொல்லிவிட்டேன். வத்திராயிருப்புக்காரன் மறுக்கவில்லை. "ஆமா சார், புடுங்கினேன்" என்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவன் லேபுக்கு வரவில்லை. புதன்கிழமை கல்லூரிக்கே வரவில்லை.

அப்பா கேட்ட கேள்வி

புதன்கிழமை இரவு அப்பா வேலை முடிந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். கையில் மை போகாது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் சோப்புப் போடுவார்.

"ஏய்யா, மூணு நாளா மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"போர்டு போச்சுப்பா."

"எப்பிடிப் போச்சு?"

சொன்னேன். கூட்டாளி வயரைப் பிடுங்கியதைச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே துண்டில் கை துடைத்தார்.

"இப்ப மோட்டார் சுத்துதா?"

"சுத்துது. கலிபரேஷன்தான் ஆகல."

"அப்பிடின்னா என்ன?"

எனக்குத் தெரிந்த மட்டில் விளக்கினேன். ஸ்டெப்பு, எண், அட்டவணை எல்லாம் சொன்னேன். அப்பா அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரிஜிஸ்டர் பாக்குற மாதிரின்னு சொல்லு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியாகச் சொன்னார்! ஆப்செட்டில் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். தாளின் ஓரத்தில் கூட்டல் குறி போல மார்க் இருக்கும். முதலில் வேஸ்ட் தாளை ஓட்டி, நாலு கலர் மார்க்கும் ஒரே கோட்டில் வருகிற வரை பார்த்துப் பார்த்துத் திருத்துவார்கள். அதன் பிறகுதான் நல்ல தாளை ஏற்றுவார்கள். அப்பா இருபது வருடமாகப் பார்ப்பது இதைத்தான்.

"நல்லா ஓடிட்டிருந்த மெஷின்ல ரிஜிஸ்டர் விலகுச்சுன்னா, நாங்க மெஷினத் திட்ட மாட்டோம். கடைசியாக் கை வெச்சது யாருன்னு கேப்போம். திட்டுறதுக்கு இல்லய்யா. எந்த எடத்துல தொட்டாகன்னு தெரிஞ்சா, நேரா அங்க போயிப் பாக்கலாம்ல? உங்க மெஷின்ல கடைசியாக் கை வெச்சது யாரு?"

நண்பர்களே, இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

கடைசியாகக் கை வைத்தது நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டாரை போர்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கடன் வாங்கித் தந்த பொருளை அம்மாவுக்குக் காட்ட வேண்டாமா? அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். பெருமை தாங்கவில்லை. நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, போர்டை எடுத்து, "இதாம்மா இதோட கண்ணு" என்று காட்டினேன். எல்லோரும் போன பிறகு பார்த்தால் தண்டின் முனையில் காந்தத்தைக் காணோம்! பசை விட்டு எங்கோ தெறித்துவிட்டது. டார்ச் அடித்துப் பாதி ராத்திரி வரைக்கும் தேடினேன். யாரிடமும் சொல்லவில்லை. கடன் வாங்கிய பொருள் மறுநாளே போச்சு என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை ஒரு யோசனை வந்தது. அப்பா கொண்டுவந்த பழைய மாதிரி டைரி ஒன்று வீட்டில் கிடந்தது. மடக்கினால் 'டப்'பென்று மூடிக்கொள்ளுமே, அந்த மாதிரி. அதற்குள்ளே வட்டக் காந்தம் உண்டு. பிளேடால் கிழித்து எடுத்தேன். ஏறக்குறைய அதே அளவு. அதே பளபளப்பு. பிடித்து இழுத்தால் பழையதைவிடவும் பலமாக இழுத்தது. ஒட்டிவிட்டேன். திங்கட்கிழமை, "பஸ்ஸில் ஆடி வந்தது, எதுக்கும் மறுபடி கலிபரேஷன் போட்டுருவோம்" என்று கூட்டாளிகளிடம் சொன்னேன்.

இதை எல்லாம் அப்பாவிடம் சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை. "அப்ப அந்தப் பையன ஏன் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்தார். கதவின் உள்பக்கம் மகளிர் குழுவின் கடன் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது என் காந்தம்!

"சனிக்கிழமை காலையில கூட்டும்போது தகர முறத்துல வந்து ஒட்டுச்சு. நல்லாருக்கேன்னு எடுத்து வெச்சேன். உன்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்லய்யா?"

இரண்டு காந்தம்

வியாழக்கிழமை காலையில் இரண்டு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக சாரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலாண்டு இயற்பியல் லேபிலிருந்து ஒரு திசைகாட்டியை வாங்கிவரச் சொன்னார். டைரிக் காந்தம் ஒட்டிய தண்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்கு மேலே திசைகாட்டியைப் பிடித்துத் தண்டைச் சுற்றினோம். ஊசி ஒரு பக்கமாக நின்றதோடு சரி, கூடச் சுற்றவில்லை. பழைய காந்தத்தை ஒட்டிச் சுற்றினோம். தண்டு சுற்றச் சுற்ற ஊசியும் கூடவே சுற்றி வந்தது!

டைரிக் காந்தத்தில் மேல் முகம் முழுக்க ஒரு துருவம், கீழ் முகம் முழுக்க மறு துருவம். அதை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மேலே இருக்கும் சிப்புக்கு ஒரே மாதிரிதான் தெரியும். டைரியை மூட அது போதும். என்கோடருக்கு வேண்டியது விட்டத்தின் குறுக்கே காந்தம் ஏற்றியது. அதாவது வட்டத்தின் ஒரு பாதி வடதுருவம், மறு பாதி தென்துருவம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பார்த்த நான், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கவில்லை.

சார் இன்னொன்றும் கேட்டார். "டிரைவர் சிப் எரிஞ்சிருந்தா மோட்டார் எப்பிடிடா ஸ்டெப் ஸ்டெப்பாச் சுத்தியிருக்கும்?"

நியாயமான கேள்விதானே? மூன்று நாளாக மோட்டார் என் கண்ணெதிரே ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் சிப் நன்றாக இருக்கிறது என்று அதுவே சொல்லிக்கொண்டிருந்தது. வத்திராயிருப்புக்காரன் மேல் பழி போட்டால் என் காந்தக் கதை வெளியே வராது என்பதால், என் மூளை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பதினோரு மணிக்கு அவன் வந்தான். நேராக என்னிடம் வந்து ஒரு மடித்த கவரை நீட்டினான். தொள்ளாயிரம் ரூபாய். செவ்வாய் ராத்திரியும் புதன்கிழமை முழுக்கவும் லாரியில் வந்த பேப்பர் ரீல் இறக்கும் வேலைக்குப் போயிருக்கிறான்.

"மாப்ள, புது போர்டுக்கு இத வெச்சுக்க. மீதிய அடுத்த வாரம் தாரேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதைக்கு அவன் ஒன்றும் பேசவில்லை. கவரைத் திருப்பி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். "சார் முன்னாடி சொன்னேல்ல, சார் முன்னாடியே இதையும் சொல்லு" என்றான். சொன்னேன். வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. அவனும் எழுந்து, "நான் வயரைப் புடுங்கினதும் தப்புதான் சார்" என்றான். அதை அவன் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

மூன்று வாரம் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேலை மட்டும் செய்தான். அது நியாயம்தான்.

நூறு துண்டு

பழைய காந்தத்தை நடுவில் வைத்து ஒட்டி, பசை நன்றாகக் காயும் வரை ஒரு ராத்திரி விட்டோம். பெல்ட்டைக் கழற்றினோம். பட்டனை அவனை அழுத்தச் சொன்னேன். டக் டக் டக்... 'சரி' என்று வந்தது. இந்தத் தடவை யாரும் கத்தவில்லை.

எந்திரம் முடிந்தது. சுருள் இறுகும் இடத்தில் மோட்டார் பின்தங்கினால் போர்டு கண்டுபிடித்துக் கூடுதலாகத் தள்ளிச் சரிசெய்தது. ரெண்டு ரெண்டாகக் குறைவது நின்றுபோனது. நூறு துண்டு வெட்டினோம். ஸ்கேல் வைத்து அளந்தோம். எல்லாம் சரி என்றுதான் பட்டது. அந்தக் கட்டை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்பா ஸ்கேல் எடுக்கவில்லை. கட்டை மேசையில் நாலு தட்டுத் தட்டி அடுக்கி, ஓரத்தில் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டினார். நடுவே ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதுல ஒண்ணு கட்டையா இருக்கு."

எடுத்து அளந்தேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! ரெண்டு இல்லை, நாலு இல்லை. நாலு ஸ்டெப் கணக்கில் வராத குறை.

"மோட்டார் சரியாத்தான் சுத்திருக்கும். பேப்பர் வழுக்கிருக்கும்" என்றார் அப்பா.

உண்மைதான். என்கோடர் பார்ப்பது மோட்டார் தண்டை, காகிதத்தை அல்ல. தண்டு சரியாகச் சுற்றி, உருளையில் காகிதம் வழுக்கினால் போர்டுக்குத் தெரிய வழியே இல்லை. காகிதத்தின் மேலேயே ஓடும் ஒரு சிறு சக்கரத்தில் இன்னொரு என்கோடர் வைத்தால் அதையும் பிடிக்கலாம். எங்கள் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதியிருக்கிறோம். அடுத்த செட் அதைச் செய்தால் சந்தோஷம். கட்டைவிரலால் கண்டுபிடித்தவர் யார் என்று ரிப்போர்ட்டில் எழுத இடமில்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் தொடங்கும் அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எதைத் தொட்டாலும், எதைக் கழற்றினாலும், எது உடைந்தாலும், யார் செய்தது, எந்தத் தேதி என்று அதில் எழுதுங்கள். கூச்சமாக இருந்தாலும் எழுதுங்கள். "வெள்ளி இரவு, காந்தம் விழுந்தது, வேறு காந்தம் ஒட்டினேன்" என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால், திங்கட்கிழமை காலை பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஒரு நண்பன் ராத்திரி முழுக்க ரீல் இறக்கியிருக்க மாட்டான்.

அம்மாவின் கடன் அட்டையைப் பிடிக்க இப்போது பீரோவில் டைரிக் காந்தம் இருக்கிறது. அந்த வேலைக்கு அது நன்றாகவே ஒத்துவருகிறது. இன்னும் மூன்று தவணைதான் பாக்கி.



— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆலங்குளம்